உருக்கறதுக்கு முன்னாடி புடிச்சிடுங்க: வேலூர் பக்கம் பழைய நகையும் பழைய பட்டும் தேடற வழி

எங்க ஆயாகிட்ட ஒரு ராக்கொடி இருந்துச்சு. உள்ளங்கை அகலம், நல்ல வட்டம், நடுவுல கோவைப்பழம் கலர்ல ஒரு பெரிய கெம்பு, அத சுத்தி ரெண்டு வரிசை சின்னக் கல்லு, ஓரத்துல நாலு அன்னப்பட்சி, பின்னாடி ஜடையில மாட்டற கொக்கி. நான் எட்டாவது படிக்கறப்ப எங்க அம்மா அத ஒரு கடையில குடுத்து மாத்தி ஒரு செயினு வாங்கிட்டு வந்தாங்க. கல்ல எல்லாம் நெம்பி எடுத்து ஒரு பேப்பர் பொட்டலத்துல மடிச்சு கையில குடுத்துட்டு, தங்கத்த எடை போட்டு உருக்க அனுப்பிட்டாங்க. அம்மா மேல தப்பே சொல்ல மாட்டேன், அப்ப யாரு ராக்கொடி வெச்சிக்கிட்டா, பழசு மாத்தி புதுசு வாங்கறதுதான் எல்லா வீட்லயும் நடந்துச்சு. ஆனா அந்த செயினு மாதிரி எங்க தெருவுலயே பத்து பேருகிட்ட இருக்கு, அந்த ராக்கொடி மாதிரி ஒண்ண நான் இன்னிக்கு வரைக்கும் பாக்கல.

அதனால நான் சொல்ல வர்ற முதல் விஷயம் இதுதான். நம்ம வேலூர், ஆற்காடு, குடியாத்தம், ஆரணி பக்கம் வித்தியாசமான நகை வேணும்னா கடை ஷோகேஸ்ல தேடாதீங்க, அங்க இருக்கறது எல்லாம் மெஷின் அச்சுல அடிச்சு ஒரே மாதிரி வர்ற மாடல், ஆன்ட்டிக்னு போர்டு போட்டிருந்தாலும் அது புதுசா செஞ்சு கறுப்பு பாலிஷ் குடுத்ததுதான் நெறைய. நெசமான பழைய பீஸ் வீட்டு பீரோவுல இருந்து பட்டறை அடுப்புக்கு போற வழியில இருக்கும். அந்த வழியில நீங்க எங்கயாவது நிக்கணும். பழைய பட்டுப் புடவையும் அப்படித்தான், ஜரிகைக்காக எரிக்கறவங்க கைக்கு போறதுக்கு முன்னாடி உங்க கைக்கு வரணும்.

தேட கெளம்பறதுக்கு முன்னாடி கண்ண பழக்கணும். அதுக்கு நம்ம ஊர்ல காசே இல்லாம ஒரு எடம் இருக்கு, கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். விஜயநகர காலத்து வேலை. எல்லாரும் யாளியையும் குதிரையையும் போட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க, நீங்க ஒரு காலை நேரம் போய் சின்ன சின்ன சிலைங்க கழுத்தையும் இடுப்பையும் மட்டும் பாருங்க. தோள்ல வங்கி எப்படி வளைஞ்சு உக்காருது, காதுல தொங்கறது எவ்ளோ பெருசு, ஒட்டியாணம் நடுவுல என்ன முகம், மாலை எத்தன வரிசையா எறங்குது, எல்லாம் கல்லுல அப்படியே இருக்கு. நாலு தடவை போய் பாத்தீங்கன்னா அப்பறம் ஒரு பழைய அட்டிகைய கையில வாங்கின உடனே இது பழைய அமைப்பா இல்ல நேத்து யாரோ போட்ட டிசைனான்னு மனசே சொல்லும். அதே கோட்டைக்குள்ள அரசு அருங்காட்சியகமும் இருக்கு, அதையும் விட்டுடாதீங்க.

கோட்டைன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. 1806 ஜூலை 10 இங்க சிப்பாய்ங்க வெள்ளக்காரங்களுக்கு எதிரா எழுந்தாங்க இல்ல, அதுக்கு காரணமா இருந்த உத்தரவுல தோல் வெச்ச தொப்பிய பத்தி எல்லாருக்கும் தெரியும், ஆனா சீருடையில இருக்கறப்ப காதுல கடுக்கன் போடக் கூடாதுன்னும் அதுல இருந்துச்சு. அவ்ளோ தூரம் நம்ம ஆம்பளைங்க காதுல கடுக்கன் போட்டிருக்காங்க. அதனால பாட்டி நகைய மட்டும் கேக்காதீங்க, தாத்தாவோட கடுக்கன் எங்கன்னும் கேளுங்க. ஒத்தக் கல்லு வெச்ச பழைய கடுக்கன் இன்னிக்கு ஒரு பொண்ணு காதுல போட்டா அவ்ளோ அழகா இருக்கும், புதுசா செஞ்சா அந்த கனம் வராது.

தேடறத சொந்த வீட்ல இருந்து ஆரம்பிங்க. பெரிம்மா, அத்த, சின்ன ஆயா, இவங்ககிட்ட போய் எடுத்தவுடனே "பழைய நகை இருக்கா"ன்னு கேட்டா பயந்துடுவாங்க, இவ எதுக்கு அடி போடறான்னு நெனைப்பாங்க, அந்த நெனைப்பு நியாயமானதும்கூட. அதுக்கு பதிலா பழைய கல்யாண ஆல்பத்த எடுத்துட்டு போய் உக்காருங்க. "ஆயா, இந்த போட்டோல உங்க காதுல இருக்கறது இன்னாது, இது யாரு போட்டது, எந்த பத்தர் செஞ்சாரு"ன்னு கேளுங்க. அவங்களே ஆரம்பிச்சிடுவாங்க. அப்பதான் பேருங்க வெளிய வரும்: காதுக்கு மாட்டல், மூக்குக்கு புல்லாக்கு, பேசரி, நத்து, தலைக்கு ஜடை பில்லை, சூரியப்பிறை, சந்திரப்பிறை, நெத்திச்சுட்டி, கழுத்துக்கு காசு மாலை, காலுக்கு தண்டை, கைக்கு காப்பு, கொழந்தைக்கு கட்டற அரசிலை. இந்த பேரு ஒவ்வொண்ணும் ஒரு சாவி மாதிரி, ஏன்னா பட்டறையில போய் "ஏதாவது ஆன்ட்டிக் இருக்கா"ன்னு கேட்டா இல்லன்னு அனுப்பிடுவாங்க, "எட்டுக்கல் பேசரி ஏதாவது காய்ச்ச வந்துச்சா"ன்னு கேட்டா தலைய தூக்கிப் பாப்பாங்க. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் முஸ்லிம் வீடுங்கள்ல கருகமணியில பழைய பதக்கம் கோத்து வெச்சிருப்பாங்க, அந்த வேலைப்பாடு தனி அழகு, தோழிங்க இருந்தா அவங்க அம்மாகிட்ட கேட்டு பாருங்க, விக்கலன்னாலும் காட்டுவாங்க, பாத்தாலே போதும்.

அடுத்து பட்டறை. லாங் பஜார், மெயின் பஜார் சுத்தி பெரிய கடைங்க நெறைய, ஆனா நீங்க போக வேண்டியது அந்த கடைங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கற பத்தர்ங்ககிட்ட. சந்துக்குள்ள, மாடிப்படி ஏறி, ஒரு சின்ன ரூம்ல ரெண்டு பேரு உக்காந்து ஊதிக்கிட்டு இருப்பாங்க. முதல் தடவையே நகை கேக்காதீங்க. அறுந்த கொலுசு, கழண்ட கல்லு, லூசான திருகாணி, இப்படி ஏதாவது ரிப்பேர் எடுத்துட்டு போங்க, கூலிய பேரம் பேசாம குடுங்க, பக்கத்துல உக்காந்து வேலைய பாருங்க. நான் ஒரு பத்தர்கிட்ட ஆறேழு மாசம் இப்படி போயிட்டு வந்தேன். ஒரு நாள் அவரே டப்பாவ தொறந்து ஒரு ஜோடி கம்மல எடுத்து வெச்சு, "இது நேத்து வந்துச்சுமா, நாளைக்கு காய்ச்சிடுவேன், ஓணும்னா இப்பவே பாத்துக்க"ன்னாரு. தாமரை மொட்டு மாதிரி, இதழ் ஒவ்வொண்ணும் கையால வெட்டினது, ரெண்டு கம்மலும் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசம். திருகாணி பின்னாடி ஒண்ணுல ஒரு புள்ளி, இன்னொண்ணுல ரெண்டு புள்ளி. ஏன்னு கேட்டதுக்கு அவரு சொன்னாரு, மரைய கையால வெட்டினா இதோடது அதுக்கு சேராது, மாறிப் போகாம இருக்க அடையாளம் வெச்சிருக்காங்கன்னு. அன்னிக்கு இருந்து எந்த பழைய கம்மல பாத்தாலும் நான் முதல்ல திருகாணியதான் பாப்பேன்.

இங்க ஒரு மரியாதை இருக்கு, அத மறக்காதீங்க. பத்தருக்கு உருக்கினா என்ன கெடைக்குமோ அதவிட கூட கொஞ்சம் குடுக்கணும், இல்லன்னா அவரு எதுக்கு உங்களுக்காக எடுத்து வைக்கணும். கணக்கு இப்படி போடுங்க. மொத்த எடை 12 கிராம்னு வைங்க. அதுல கல்லும் உள்ள இருக்கற அரக்கும் 3 கிராம் கழிஞ்சா நிக்கற தங்கம் 9 கிராம். தொட்டு பாத்ததுல 20 கேரட்னு வந்தா, 9ஐ 20ஆல பெருக்கி 22ஆல வகுங்க, 8.18 கிராம் வரும். அந்த 8.18 கிராமுக்கு அன்னிக்கு 22 கேரட் விலை என்னவோ அதான் உருக்கு விலை. அதுக்கு மேல வேலைப்பாட்டுக்கு எவ்ளோ தரலாம்னு உங்க மனசும் பர்ஸும் முடிவு பண்ணட்டும். புது நகைக்கு செய்கூலி சேதாரம்னு கொட்டிக் குடுக்கறோம் இல்ல, அத இங்க குடுங்க, இனிமே யாரும் செய்யாத வேலைக்கு குடுக்கறது நல்லாதான் இருக்கும்.

அரக்கு விஷயத்த கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா நெறைய பேரு இதுல ஏமாறறாங்க. பழைய நகையில மணி, குண்டு, தோடு, பதக்கம் எல்லாம் உள்ள கூடா செஞ்சு, நசுங்காம இருக்க அரக்க உருக்கி ஊத்தியிருப்பாங்க. கையில வெச்சா கனமா தெரியும், ஆனா மேல இருக்கற தகடு மட்டும்தான் தங்கம். இது மோசடி கெடையாது, அந்த காலத்து முறையே அதுதான், ஆனா விக்கறவங்க மொத்த எடைக்கும் தங்க விலை கேட்டா அப்ப அது மோசடி. காதுகிட்ட வெச்சு மெதுவா ஆட்டிப் பாருங்க, உள்ள அரக்கு உடைஞ்சிருந்தா கடகடன்னு சத்தம் வரும். ஒரு எடத்துல நசுங்கின பள்ளம் இருந்தா அங்க அரக்கு கொட்டிப் போச்சுன்னு அர்த்தம், சரி பண்ணலாம், விலைய கொறைச்சு கேளுங்க.

எந்த நகையா இருந்தாலும் முதல்ல திருப்பிப் பாருங்க. முன்பக்கம் எல்லாரும் அழகா செய்வாங்க, பின்பக்கம்தான் உண்மைய சொல்லும். கையால செஞ்சதுல பத்த வெச்சு ஒட்டின எடம், அரம் போட்ட கோடு, ஒவ்வொரு கல்லு வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அளவு மாறறது, எல்லாம் தெரியும். வார்ப்புல வந்ததுன்னா எல்லாம் ஒரே அளவு, ஓரத்துல சின்ன சின்ன ஊசி ஓட்டை மாதிரி இருக்கும். தேய்மானமும் நியாயமான எடத்துல இருக்கணும், கொக்கி உராயற எடம், தோலு படற எடம், தொங்கட்டான் மாட்டின வளையம். வளையம் புதுசா இருந்து மேல் மட்டும் கறுப்பா பழசு மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. ஒரு 10 மடங்கு காட்டற லென்ஸ் வாங்கி ஹேண்ட்பேக்ல போட்டு வெச்சுக்குங்க, விலை ரொம்ப கம்மி, எனக்கு அத விட பிரயோஜனமான பொருள் இல்ல.

கெம்புக் கல்லு பத்தி. பழைய நகைல இருக்கற செவப்பு எல்லாம் பர்மா மாணிக்கம்னு சொல்லி விலை சொல்லுவாங்க. நானே ஒரு அட்டிகைய அப்படி நம்பி வாங்கினேன், விலையோட பாதி கல்லுக்குன்னு குடுத்தேன், அப்பறம் லென்ஸ் வெச்சு பாத்தா உள்ள குட்டி குட்டி குமிழ். செயற்கை மாணிக்கம் செய்யற முறைய பிரான்ஸ்ல வெர்னாய்ங்கறவரு 1902லயே வெளிய சொல்லிட்டாரு, அதனால நகை எம்பது வருஷம் பழசுன்னாலும் கல்லு இயற்கைன்னு ஆகாது. வட்டமான குமிழும் வளைஞ்ச கோடும் தெரிஞ்சா அது செஞ்ச கல்லு, இல்ல கண்ணாடி. அதுக்காக நகைய வேணாம்னு தள்ளாதீங்க, வேலைப்பாடு நல்லா இருந்தா வாங்குங்க, கல்லுக்கு மட்டும் காசு குடுக்காதீங்க. வைரத்துலயும் அப்படித்தான், ஒசத்தி வைரம்னு சொல்ற ப்ளூ ஜாகர்ங்கற பேரு தென்னாப்பிரிக்காவுல ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்துல இருந்து வந்துச்சு, அந்த சுரங்கம் 1971ல மூடியாச்சு. இன்னிக்கு கொஞ்சம் வெள்ளையா இருக்கற எல்லா கல்லுக்கும் அந்த பேர வெக்கறாங்க. ஏழு கல் தோடு நல்லதா வந்தா கல்லு தெரிஞ்சவர கூட்டிட்டு போங்க, சர்டிபிகேட் இல்லாம பெரிய தொகை குடுக்காதீங்க.

ஹால்மார்க், அதாவது தங்கம் எவ்ளோ சுத்தம்னு காட்டற முத்திரை, இருக்கான்னு கேப்பீங்க. நம்ம நாட்ல தங்கத்துக்கு பிஐஎஸ் ஹால்மார்க் வந்ததே 2000ல, ஒவ்வொரு நகைக்கும் தனியா போடற, ஆறு எழுத்து-எண் கலந்த எச்யூஐடி வந்தது 2021ல, 2023 ஏப்ரல் 1ல இருந்து அது இல்லாம கடைக்காரங்க விக்கக் கூடாது. குந்தன், போல்கி, ஜடாவு வேலைக்கு மட்டும் விலக்கு இருக்கு. அதனால பாட்டி காலத்து நகையில முத்திரை இல்லாதது இயல்புதான். கடையில "நூறு வருஷம் பழசு"ன்னு காட்டற நகையில பளபளன்னு லேசர்ல எச்யூஐடி மட்டும் இருந்தா, அது பழசுக்கு இப்ப முத்திரை வாங்கினதா இல்ல புதுசே பழசு வேஷமான்னு கேளுங்க. உங்க நகைய நீங்களே ஹால்மார்க் சென்டர்ல குடுத்து சோதிக்கலாம், கட்டணம் கம்மிதான். இன்னொரு விஷயம், 1963ல தங்கக் கட்டுப்பாடு வந்தப்ப 14 கேரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, 1966ல எடுத்துட்டாங்க. அந்த மூணு நாலு வருஷத்துல எத்தனையோ பத்தர்ங்க தொழிலே போச்சுன்னு நின்னாங்க. அதனால அறுபதுகள்ல கல்யாணம் ஆன பாட்டி நகை 14 கேரட்னு மெஷின் காட்டினா பத்தர் ஏமாத்திட்டாருன்னு திட்டாதீங்க, அது அந்த காலத்தோட முத்திரை. என்ன பொறுத்தவரைக்கும் அப்படி ஒரு பீஸ் கெடைச்சா அது பொக்கிஷம்.

அடகுக்கடையிலயும் சொல்லி வைக்கலாம். நகை மூழ்கிடுச்சுன்னா அவங்க பெரும்பாலும் உருக்கதான் போடுவாங்க. கம்பெனிங்க ஏலம் விடறதுன்னா பேப்பர்ல அறிவிப்பு வரணும், தமிழ் பேப்பர்லயும் வரும், ஆனா அங்க மொத்தமா வாங்கறவங்கதான் ஜாஸ்தி, தனி ஆளா போய் ஒரு பீஸ் எடுக்கறது கஷ்டம். எனக்கும் அடுத்தவங்க மீட்க முடியாம விட்டத வாங்க மனசு ஒப்பல, அது என் சொந்த விஷயம்.

இப்ப கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. புலிநகம் வெச்ச பதக்கம் நம்ம பக்கம் பழைய வீடுங்கள்ல இருக்கும், கொழந்தைக்கு பயம் தெளியும்னு கட்டுவாங்க. அத வாங்கவும் கூடாது விக்கவும் கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம். யானைத் தந்த வளையலும் அதே. எவ்ளோ பழசா இருந்தாலும், எவ்ளோ அழகா இருந்தாலும் கையில தொடாதீங்க. நூறு வருஷம் தாண்டின பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், லைசென்ஸ் இல்லாம அத வச்சு வியாபாரம் பண்ண முடியாது, வெளிநாட்டுக்கு தனி ஆளு அனுப்பவே முடியாது, துபாய்ல இருக்கற தங்கச்சிக்கு பரிசுன்னு கூட அனுப்ப முடியாது. தனி ஆளுகிட்ட வாங்கினா ஒரு பேப்பர்ல என்ன நகை, எவ்ளோ எடை, எவ்ளோ காசுன்னு எழுதி கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்குங்க, போட்டோ எடுத்து வைங்க. திருட்டு நகைன்னா வாங்கினவங்களும் மாட்டுவாங்க. விலை நம்ப முடியாத அளவுக்கு கம்மியா இருந்து, ஆளு அவசரப்படுத்தினா அங்க இருந்து கெளம்பிடுங்க. 2 லட்சம் இல்ல அதுக்கு மேலன்னா ரொக்கமா குடுக்கல் வாங்கல் வேணாம், பேங்க் வழியா போங்க.

பட்டுக்கு வர்றேன். தெருவுல "பழைய பட்டுப் புடவை வாங்கறோம், ஜரிகை வாங்கறோம்"னு சைக்கிள்லயும் வண்டியிலயும் கூவிக்கிட்டு வருவாங்க இல்ல, கிழிஞ்ச புடவைய ஒரு தொகைக்கு எடுத்துட்டு போய் எரிச்சு ஜரிகையில இருக்கற வெள்ளிய பிரிச்சிடுவாங்க. நம்ம பெரிய போட்டி அவங்கதான். எங்க தெருவுக்கு வர்ற அண்ணன்கிட்ட நான் பேசி வெச்சிருக்கேன், நல்ல ரேக்கு (கரையில வர்ற பல்லு பல்லான டிசைனு), நல்ல கலர்ல ஏதாவது வந்தா எனக்கு ஒரு போன், அவருக்கு கெடைக்கறத விட கூட தரேன். அப்படி வந்ததுதான் ஒரு கத்திரிப்பூ கலர் காஞ்சிப் பட்டு, தாழம்பூ ரேக்கு, உடம்பு முழுக்க வைர ஊசிங்கற மெல்லிசு கோடு. மடிப்பு மடிப்பா நாலு எடத்துல கிழிஞ்சு இருந்துச்சு, ஆனா முந்தி முழுசா இருந்துச்சு. இந்த மாதிரி பேரையும் தெரிஞ்சு வைங்க, மயில்கண், ருத்ராட்சம், முத்துக்கட்டம், கொட்டடி, பாய்மடி, அரக்குக் கலர், மாம்பழக் கலர், எம்.எஸ். ப்ளூ. ஆரணியும் வாலாஜாவும் நம்ம பக்கத்துலயே நெசவு ஊரு, ஆரணிப் பட்டுக்கு புவிசார் குறியீடே இருக்கு, அங்க வயசான நெசவாளர் வீட்ல உக்காந்து அவங்க கல்யாணப் புடவைய காட்ட சொல்லிப் பாருங்க, எந்த கடையிலயும் பாக்காத டிசைனு மடிச்சு வெச்சிருப்பாங்க. விக்க மாட்டாங்க, கேக்கவும் வேணாம், ஆனா அதே மாதிரி நெய்து தருவீங்களான்னு கேட்டா சில பேரு முகம் மலர்ந்து சரின்னுடுவாங்க. எனக்கு ஒரு புடவை அப்படி வந்துச்சு.

பழைய பட்ட வாங்கறப்ப வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிங்க. மடிப்புக் கோட்டுல ஓட்டை ஓட்டையா வெளிச்சம் வந்தா அது கட்டறதுக்கு ஆகாது, ஆனா பார்டரும் முந்தியும் காப்பாத்தலாம். உள்பக்கம் திருப்பிப் பாருங்க, கோர்வை போட்டதுன்னா உடம்பும் கரையும் சேர்ற எடத்துல பல்லு பல்லா பின்னி இருக்கும். ஒரு நூல பிச்சு கொளுத்திப் பாருங்க, முடி கருகின வாசனை வந்து சாம்பல் பொடியா உதிர்ந்தா பட்டு, உருண்டையா கெட்டியா ஒட்டினா பாலியஸ்டர். ஜரிகைய நகத்தால லேசா சுரண்டினா உள்ள செவப்பு பட்டு நூல் தெரியணும், வெள்ளையா பிளாஸ்டிக் மாதிரி வந்தா அது இமிடேஷன். செவப்ப மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, செம்புக் கம்பி ஜரிகையிலயும் செவப்பு நூல் சுத்துவாங்க, பெரிய விலைன்னா மெஷின்ல காட்டிட்டு வாங்குங்க.

பழைய ஜாக்கெட்ட யாரும் மதிக்கறது இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். எழுபதுகள்ல தெச்ச பஃப் கை, போட் நெக், பின்னாடி முடிச்சு, கையில ஜரிகை பட்டை, எல்லாம் பீரோ அடியில கெடக்கும். சைஸ் பத்தலன்னா தையல்காரர்கிட்ட குடுத்து பேட்டர்ன் மட்டும் பேப்பர்ல எடுத்துக்குங்க, அதே வெட்டுல புதுசு தெச்சுக்கலாம். வாயில் புடவை, நைலக்ஸ், வெளிநாட்டுல இருந்து மாமா கொண்டு வந்த ஜப்பான் ஜார்ஜெட், இதுவும் தேடற லிஸ்ட்ல இருக்கட்டும், அந்த பிரின்ட் இப்ப வர்றது இல்ல.

மத்தத சுருக்கமா சொல்லிடறேன். குடியாத்தம் கைத்தறி லுங்கி, பழைய கட்டம் போட்டது, அத ஷர்ட்டாவும் ஸ்கர்ட்டாவும் தெச்சா பிரமாதமா இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஊரு, பழைய தோல் பை கெடைச்சா மடக்கிப் பாருங்க, சுருக்கம் விழுந்து நிமிந்தா நல்லது, மேல் தோல் உதிர்ந்தா அது ரெக்சின். எச்எம்டி வாட்ச் 1961ல இருந்து பெங்களூர்ல வந்தது, கம்பெனிய 2016ல மூடிட்டாங்க, பழைய ஜனதா மாடல் தேடறவங்க டயல நல்லா பாருங்க, புது பெயின்ட் அடிச்சு கலர் கலரா விக்கறது நெறைய வருது, எழுத்து தடிமனா கோணலா இருக்கும். பஸ் ஸ்டாண்ட்லயும் கோயில் வாசல்லயும் நரிக்குறவர் அக்காங்க பாசிமணி வெச்சு உக்காந்திருப்பாங்க, அத தாண்டிப் போயிட்டு ஆன்லைன்ல ஹேண்ட்மேட்னு ஆயிரக்கணக்குல வாங்கறோம். அவங்ககிட்ட கலர் சொல்லி, நீளம் சொல்லி, உங்களுக்குன்னு கோக்க சொல்லுங்க, உங்க கண்ணெதிர்லயே கோத்து தருவாங்க, சொன்ன விலைய குடுங்க.

கெடைச்ச பழசு எல்லாம் அப்படியே போட முடியாது, அதுக்கும் வழி இருக்கு. ஒத்த கம்மல் மட்டும் கெடைச்சா பதக்கமா மாத்தலாம், ஜடை பில்லை ரெண்ட சேத்து கறுப்பு கயிறுல கோத்தா சோக்கர், மாட்டல் சங்கிலிய கையில பிரேஸ்லெட்டா போடலாம். பத்தர்கிட்ட குடுக்கறப்ப ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லுங்க, எதையும் வெட்டக் கூடாது, உருக்கக் கூடாது, வளையமும் கொக்கியும் மட்டும் சேக்கணும், நாளைக்கு வேணும்னா கழட்டி பழையபடி ஆக்க முடியணும். அழகான பழைய பதக்கத்த நடுவுல அறுத்து ரெண்டு தோடு பண்ணத பாத்திருக்கேன், வயிறு எரிஞ்சுது.

வீட்ல கழுவறப்ப மூடின கட்டு வெச்ச கெம்பு நகைய தண்ணியில ஊற வெக்காதீங்க. கல்லுக்கு பின்னாடி மெல்லிசா பளபள தகடு வெச்சிருக்கும், தண்ணி உள்ள போனா அது கறுத்து கல்லே செத்துப் போன மாதிரி ஆயிடும். பூந்திக்கொட்டை தண்ணியில மெல்லிசு பிரஷ்ஷ நனைச்சு, உதறிட்டு, மேலாப்புல தேச்சு உடனே துணியில ஒத்துங்க. தங்க முலாம் போட்ட வெள்ளிக்கு புளி போடவே கூடாது. பட்டுப் புடவைய ஹேங்கர்ல தொங்க விடாம, பழைய வெள்ளை வேட்டித் துணியில சுத்தி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்ப மாத்தி வைங்க, பிளாஸ்டிக் கவரும் அந்துருண்டையும் ஜரிகைக்கு ஆகாது, வசம்பு போதும்.

அப்பறம், கல்லு பொட்டலம். நகைய மாத்தறப்ப கடையில நெம்பி எடுத்த கல்ல மடிச்சு குடுத்தா "இது வேஸ்ட்"னு சொன்னாலும் வாங்கி வைங்க. எங்க ஆயா ராக்கொடி பொட்டலத்த போன மாசம் அந்த பத்தர்கிட்ட எடுத்துட்டு போனேன். அவரு அத ஒரு தட்டுல கொட்டி, சாமணத்தால ஒவ்வொண்ணா எடுத்து அரக்குத் தட்டுல வட்டமா அடுக்கினாரு. நடுவுல பெருசு ஒண்ணு, உள்வரிசை பன்னெண்டு, வெளிவரிசைக்கு பதினெட்டு வரணும், பதினாறுதான் இருக்கு. "ரெண்டு கொறையுதுமா, பழைய கல்லு ஏதாவது வந்தா எடுத்து வெக்கறேன், தை பொறக்கட்டும்"னாரு. போட்டோவுல ஆயா பக்கவாட்டுல திரும்பி நிக்கறது ஒண்ணு இருக்கு, அன்னப்பட்சிக்காக அத பெருசு பண்ணி பிரின்ட் எடுத்து அவருகிட்ட குடுத்திருக்கேன்.